வாசலில் இறக்கி வைத்த கொடி

இருங்க, அங்கயே நிறுத்துங்க. இப்ப என்ன கேட்டீங்க? கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலையான்னா? சரியாப் போச்சு. மதுரையில ஏறி உக்காந்து கையில இருக்கற முறுக்குல பாதிகூட தீரலை, அதுக்குள்ள என்னை ஸ்குரூ டிரைவர் தூக்கறவன் ஆக்கிட்டீங்க. கோவமெல்லாம் இல்லைங்க. உலகத்துல முக்கால்வாசிப் பேருக்கு அவ்வளவுதான் தெரியும். உங்களுக்கு என்ன தொழிலு? வள்ளியூர்ல பாத்திரக்கடையா. நல்லதுங்க. பாத்திரம் ஓட்டைன்னா தண்ணி ஊத்தினா தெரிஞ்சுரும். எங்க தொழில்ல ஓட்டையே சட்டை போட்டுட்டு வந்து உக்காந்திருக்கும், அதுக்கு மாசமானா சம்பளமும் குடுக்கணும்.

நான் கர்னல் எழுதறவன். ஒரு மெஷினுக்குள்ள ஏகப்பட்ட புரோகிராம் ஓடும். அதுங்களுக்கெல்லாம் அடியில ஒண்ணு உக்காந்துட்டு, யாருக்கு எப்ப என்ன குடுக்கறதுன்னு முடிவு பண்ணும். அதுதான் கர்னல். புரோகிராம் விழுந்தா அது மட்டும் விழும். கர்னல் விழுந்தா மெஷினே கட்டை. பீளமேட்டுல ஒரு தகர ஷெட்டுல எங்க கம்பெனி ஆரம்பிச்சப்ப, முதல் வரியில இருந்து நான் ஒருத்தனா உக்காந்து எழுதினது. பேரு அரண். என் பொண்ணு பொறந்த வருஷம் எழுத ஆரம்பிச்சேன். ரெண்டுல அரண்தான் என் பேச்சைக் கேக்கும். பொண்ணு பெங்களூர்ல இருக்கறா. பண்டிகைக்குப் போன் பண்ணுவா, அவங்கம்மாவுக்கு.

இப்ப அந்த அரணைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, ஊரே போட்டுக்கற லினக்ஸ் கர்னலை நாமளும் போட்டுக்கலாம்னு கம்பெனியில பேச்சு. ஓசூர்ல டயாலிசிஸ் மெஷின் செய்யற ஒரு கம்பெனிக்கு அடுத்த புதன்கிழமை அரணை ஓட்டிக் காட்டணும். அவங்க தலையாட்டினா அரண் இருக்கும். இல்லைன்னா நான் ஆயுசு பூரா எழுதினது அவ்வளவும் போச்சு. அதுக்குத்தான் நாகர்கோவில் போறேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளைப் புள்ளை இருக்கறா, பேரு விஜிலா. எங்ககிட்ட வேலை செஞ்சவ. அவளைக் கூட்டிட்டு வரணும். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சுக்காதீங்க, முதல்லயே சொல்லிப்போடறேன். அவளுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கப் போறேன்.

என்னாச்சுன்னா, எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். நான் கொண்டாந்தது. அரண் விழுந்தா, எந்த வரியில விழுந்துச்சுன்னு திரையில காட்டும். அந்த வரி எந்த ஃபைல்ல இருக்குதோ, அந்த ஃபைல் தலைப்புல யார் பேர் இருக்குதோ, அவங்க திங்கட்கிழமை மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கணும். மீட்டிங் முடியற வரைக்கும் நிக்கணும். விசாரணை கிசாரணை ஒண்ணும் கிடையாது. விழுந்த இடந்தான் சாட்சி. கொடுமைன்னா சொல்றீங்க? ஒருக்கா நின்னவன் எங்க ஆபீஸ்ல மறுபடி தப்புப் பண்ணினதே இல்லைங்க. கொஞ்ச நாள்ல வேற வேலை பாத்துட்டுப் போயிருவான். ஆளுங்க சுத்தமாகிட்டே வந்தாங்க.

இந்த விஜிலா தக்கலைப் பக்கம். வந்த புதுசுலயே வாயி. நான் ஒண்ணு சொன்னா மத்தவங்க 'சரிங்க சார்'ம்பாங்க. இவ 'எதுக்கு சார்?'ம்பா. எதுக்குன்னு எனக்குத் தெரியும், உனக்கு எதுக்குத் தெரியணும்? ஆனா புத்தி இருக்குதுன்னு நானே வாசல் ஃபைலை அவ பேருக்கு மாத்தி விட்டேன். வெளிய ஓடற புரோகிராம் கர்னல்கிட்ட ஏதாவது கேக்கணும்னா உள்ள வர்ற வழி இருக்குதே, அது அந்த ஃபைல். அதுல கை வெக்கவே அவனவன் நடுங்குவான். எழுதினது பூராவும் நான். தலைப்புல பேரு மட்டும் அவளுது. எவ்வளவு பெரிய கௌரவம், பாருங்க. அதுக்கு ஒரு நன்றிகூட சொல்லலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் கவனமாக் கேளுங்க, ஜன்னலைப் பாக்காதீங்க. விருதுநகர் அப்படியேதான் இருக்கும்.

பிராசஸருக்குள்ள ஒரு கொடி இருக்குதுங்க. அதை ஏத்தி விட்டா, புரோகிராம் ஒரு அடி வெச்சதும் நின்னுரும். நின்னு, கர்னலைக் கூப்பிட்டு, 'ஒரு அடி ஆச்சு'ன்னு சொல்லும். அடுத்த அடி. மறுபடி நிக்கும். தன் புரோகிராம்ல தப்பு எங்க இருக்குதுன்னு தெரியாதவனுங்க இப்படி அடி அடியா ஓட்டிப் பாப்பானுங்க. சிங்கிள் ஸ்டெப்னு பேரு. நானெல்லாம் அந்தக் கொடியைத் தொட்டதே கிடையாது. எழுதறப்பவே ஒழுங்கா எழுதினவனுக்கு அது எதுக்கு?

அரணைப் போட்டுப் பாக்கறதுக்கு வாங்கிட்டுப் போன ஓசூர்க்காரனுங்க தொட்டானுங்க. மெஷின் லேப் மேசை மேலதான் இருந்துச்சு, நோயாளி யாருக்கும் மாட்டலை. கொடியை ஏத்தி அவனுங்க புரோகிராமை ஓட்டறானுங்க. அடி, நிறுத்தம், அடி, நிறுத்தம். நல்லாத்தான் போகுது. அந்தப் புரோகிராமுக்கு மணி என்னன்னு தெரியணும், கேக்கறதுக்கு வாசல் வழியா அரணுக்குள்ள வருது. வந்த கையோட அரண் கட்டை. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே வாசல்ல கட்டை.

ஏன்னு கேளுங்க. நான் கட்டினது வேகமான வாசல். அதுல நுழையறப்ப அந்தக் கொடி தானா இறங்காது. ஏத்தினது ஏத்தினபடி உள்ள வந்துரும். கர்னல் இன்னும் தன் இடத்துல உக்காரலை, வாசப்படியில ஒரு அடி வெக்குது, 'நில்லு'ன்னு பிராசஸர் நிறுத்திருது. அப்ப நான் எழுதின கோடிங் என்ன பாக்கும்? எங்க நின்னுச்சுன்னு பாக்கும். கர்னலுக்குள்ள நின்னுருக்குது. கர்னலுக்குள்ள கொடி ஏத்தற வேலை ஒருத்தனுக்கும் கிடையாது. அப்ப கர்னல் கெட்டுப் போச்சு. கெட்டது ஓடக்கூடாது, மூடு கடையை. அவ்வளவுதான். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

என்னது? கொடி ஏத்தினவன் வெளியதானே இருக்கறான்னா?

அட போங்க. நீங்களும் அந்தப் புள்ளை மாதிரியே பேசறீங்க. பாத்திரம் விக்கறவருக்கு அப்படித்தான் தோணும். உங்க மேல குத்தமில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் கூடுச்சு. விழுந்தது வாசல் ஃபைல், பேரு விஜிலா. எந்திரின்னேன். எந்திரிக்கலைங்க. நாற்காலியில சாஞ்சு உக்காந்துட்டு, "எதுக்கு சார்?"ங்கறா. அத்தனை பேர் முன்னால. "கொடி ஏத்துனது வெளிய. வந்து நின்னது என் வாசல்ல. நின்ன எடத்தைப் பாத்து குத்தம் சொன்னா எப்படி சார்? வழியில போறவன் நம்ம வீட்டு நடையில மயங்கி விழுந்தா, நாம அடிச்சோம்னு ஆயிருமா?"

சரி, உன் பெரிய மனசுல வேற என்ன பண்ணலாம்னு இருக்குதுன்னு கேட்டேன். கேலியாத்தான் கேட்டேன். அவ நெசமாவே கேக்கறேன்னு நினைச்சுட்டு ஆரம்பிச்சுட்டா. "அவன் கையில கொடியோட வாறான் சார். வாசல்லயே அதை நைசா வாங்கி இறக்கி வச்சிரணும். இவன் கொடியோட வந்தவன்னு ஒரு குறிப்பு போட்டுக்கிடணும். பொறவு உள்ள வேலையை நிம்மதியா முடிச்சிரணும். அவன் வெளிய போவும்போ திருப்பி அவன் கையிலயே குடுத்திரணும். நடுவுல நடந்தது ஒண்ணும் அவனுக்குத் தெரியாண்டாம். அவனைக் கொல்லவும் வேண்டாம், அவங்கூட சண்டை பிடிக்கவும் வேண்டாம்." அதோட விட்டாளா? அந்த நிறுத்தத்தைக் கவனிக்கற கோடிங் தனியா அதுக்குன்னு ஒரு இடம் வெச்சுட்டு ஓடணுமாம், வாசப்படியில கர்னலுக்கே உக்கார இடம் இருக்காதாம். எனக்கே பாடம்.

நான் சொன்னேன், "என் கர்னல் என்ன கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கறவனா, வர்றவன் போறவன்கிட்ட வாங்கி வாங்கி வெக்கறதுக்கு?" எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சா சிரிப்பாங்க. அவ மட்டும் சிரிக்கலை.

நீ எந்திரிக்காம மீட்டிங் நடக்காதுன்னேன். நடக்கலைங்க. எனக்கென்ன, நான் சாயங்காலம் வரைக்கும் உக்காருவேன். கடைசியில எந்திரிச்சா. தண்ணி பாட்டிலை எடுத்துட்டு நேரா சம்பத் ரூமுக்குப் போயிட்டா. சம்பத்துன்னா எங்க எம்டி, தகர ஷெட்டுல என்கூட இருந்தவன். அந்த வாரமே வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் ஆபீஸ்ல சிலபேர் சொல்லிட்டிருக்கானுங்க, அவ நிக்கவே இல்லைன்னு. எந்திரிச்சாளா இல்லையா? அப்ப நான் சொன்னதுதானே நடந்துச்சு?

அப்பறம் அதை நானே சரி பண்ண உக்காந்தேன். முதல்ல கையேட்டுல ஒரு வரி சேத்தேன்: அரண் மேல எதையும் அடி அடியா ஓட்டக்கூடாது. ஓசூர்ல இருந்து அவனுங்க இன்ஜினியர் கூப்பிட்டான். "அப்ப நாங்க தப்பைக் கண்டுபிடிக்க வேற வழி என்னங்க சார்?"ன்னான். தப்புப் பண்ணாம இருங்கன்னேன். வெச்சுட்டான். மரியாதை தெரியாத பசங்க.

சரி, இவனுங்க கேக்க மாட்டானுங்கன்னு, கோடிங்கையே மாத்தினேன். கர்னலுக்குள்ள நின்னா மூடாதே, 'சரி போ'ன்னு அனுப்பிரு. ஒரே வரி. அழகான வரி. ஓடுச்சுங்க. ஆனா கொடி ஏறினபடியே இருக்குது, அதனால அடுத்த அடியிலயும் நிக்கும். சரி போ. அதுக்கடுத்த அடி. சரி போ. ஒரு புரோகிராம் ஒண்ணு கேட்டா கர்னல் உள்ள ஆயிரக்கணக்கான அடி வெக்கணும், ஒவ்வொரு அடிக்கும் நின்னு நின்னு போச்சு. ஓசூர்க்காரன் பட்டனை அமுக்கிப்போட்டு, காபி குடிச்சுட்டு வந்து பாக்கறான், திரையில நம்பர் மாறலை. சில நேரம் வாசப்படியிலயே உக்கார இடமில்லாம சுருண்டும் விழுந்துச்சு. சில நேரந்தான். மத்த நேரம் விழலையே, அதுக்கு ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னானா? "உள்ள ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தினா வேலை எப்படி நடக்கும்?"னு கேக்கறான். பொறுமை இல்லாத ஜென்மம்.

இந்தக் காலத்துல ஒருத்தனுக்கும் பொறுமை கிடையாதுங்க. போன மாசம் ஓசூர்க்காரங்க நேர்லயே வந்தாங்க. சம்பத் திரையில படம் போட்டுக் காட்டிப் பேசறான். முதல் வாக்கியத்துலயே தப்பு. நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். திருத்தினேன். அடுத்த வாக்கியம், அதுலயும் ஒரு வார்த்தை சரியில்லை. நிறுத்தினேன். தப்பா ஒண்ணைச் சொல்லி விக்கறதுக்கு நான் விடமாட்டேன், அது எம்டியா இருந்தாலும் சரி. மூணாவது படத்துக்கு வர்றதுக்குள்ள சாப்பாட்டு நேரமாயிருச்சு. சாப்பிட்டுட்டு அவங்க திரும்பி வரவே இல்லை. ஏதோ வேற வேலையாம். சம்பத் மூஞ்சி கறுத்துப் போச்சு. படிச்சவன்தான், ஆனா திருத்தினா தாங்கமாட்டான். எங்க வீட்டுக்காரியும் அப்படித்தான். நான் சமையல்கட்டுக்குள்ள கால் வெச்சா கேஸை அணைச்சுட்டு வெளிய வந்துருவா. நான் வெளிய வந்தப்பறம் மறுபடி பத்த வெப்பா. சொல்லிக் குடுக்கறது யாருக்குத்தாங்க பிடிக்குது?

சாத்தூர்ல நிக்காதுங்கறீங்களா? நிக்கும். அட்டவணையில போட்டிருக்குது. பாத்தீங்களா, நின்னுருச்சு.

முந்தாநாள் சம்பத் என்னைக் கூப்பிட்டான். கதவைச் சாத்திட்டு, "குழந்தைவேலு, இது கடைசி. இந்த டெமோ போச்சுன்னா லினக்ஸ்தான். விஜிலா வந்து அந்த வாசலைச் சரிபண்ணிக் குடுத்தாத்தான் உண்டு. உன்னால மட்டுந்தான் அவளைக் கூட்டிட்டு வரமுடியும்"னான். பாருங்க. அத்தனை பேர் இருக்கறப்ப என்னை. என்ன இருந்தாலும் ஷெட்டுல ஒண்ணா இருந்தவனுக்குத்தானே அருமை தெரியும்? அவனே டிக்கெட் எடுத்துட்டான். ரூம் போட்டுட்டான். திரும்பி வர்றதுக்கு சனிக்கிழமைதான் டிக்கெட், அவசரப்படாம நிதானமாப் பேசிக் கூட்டிட்டு வான்னான். லேப்டாப்பைக்கூட வாங்கி வெச்சுட்டான், ஏதோ வைரஸ் மருந்து மாத்தணுமாம், நீ அங்கயும் போய் வேலை பாத்து உடம்பைக் கெடுத்துக்காதேன்னான். போன் பண்ணிட்டுப் போனா பிகு பண்ணுவா, நேரா வீட்டு வாசல்ல போய் நில்லுன்னான். இத்தனை வருஷத்துல அவன் என் மேல இவ்வளவு அக்கறையா இருந்ததே இல்லைங்க. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. அரண் போயிருமோங்கற பயத்துல அவனுக்கு மனசு இளகிருச்சு.

நான் அவகிட்ட என்ன சொல்லப் போறேன்னு யோசிச்சு வெச்சுட்டேன். 'விஜிலா, நீ சொன்னதுல ஒரு பகுதி சரி. அதை நான் அப்பவே யோசிச்சதுதான். வந்து டைப் அடிச்சுக் குடு.' இதுக்குமேல ஒருத்தன் இறங்கி வரமுடியுமா? தலைப்புல அவ பேரையே மறுபடி போட்டுக்கலாம்னும் சொல்லப் போறேன். பெருந்தன்மை வேணும்ல.

ஒரே சிக்கல், ஊர் பேரு தக்கலைன்னு தெரியும், வீடு எங்கன்னு தெரியாது. ஆபீஸ்ல கேட்டா ஒருத்தனும் சரியாச் சொல்லலை. நீங்க அந்தப் பக்கந்தானே, ஸ்டேஷன்ல இருந்து தக்கலை எவ்வளவு தூரம்? பஸ் இருக்குதா? அதுசரி, தக்கலை போய் யாரைக் கேக்கறது? சம்பத் போன் பண்ண வேண்டாம்னான்தான். அவன் கிடக்கறான், அவ நம்பர் என் போன்லயே இருக்குது, வழி கேக்கறதுல என்ன இருக்குது? திருநெல்வேலி தாண்டியாச்சு, இனி அவ எங்க ஓடி ஒளியப் போறா? ஒரு நிமிஷம் இருங்க.

ஹலோ. விஜிலாவா? நான் குழந்தைவேலு. ஆமா, சாராத்தான் பேசறேன். ரயில்ல இருக்கேன். உங்க ஊருக்குத்தான் வந்துட்டிருக்கேன். இரு, நான் சொல்லி முடிச்சுக்கறேன். வாசல் ஃபைல் விஷயமா நீ சொன்னதுல ஒரு பகுதி... என்னது? யாருகிட்ட குடுத்தே? எப்ப? ... இல்லை, புதன்கிழமைன்னுதானே சொன்னாங்க. அடுத்த புதன். ... இன்னைக்கா? ... நான் இங்க... இல்லை, நான் ரயில்ல... சரி. சரிம்மா. வெச்சுடறேன்.

...

அவ என்ன சொல்றான்னா... இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

வேலையை விட்ட அன்னைக்கே அதை முழுசா எழுதி சம்பத் கையில குடுத்துட்டுத்தான் போனாளாம். அவங்க அதை அரண்ல போட்டு ஓட்டிப் பாத்து நாளாச்சாம். எனக்குத் தெரியாம. நேத்துகூட சம்பத் ஒரு சந்தேகத்துக்குப் போன் பண்ணினானாம். இன்னைக்குத்தான் டெமோவாம். காலையில ஆரம்பிச்சுட்டாங்களாம். ஓசூர்க்காரன் கொடியை ஏத்திட்டு அவன் இஷ்டத்துக்கு ஓட்டிப் பாத்திருக்கான், ஒரு இடத்துலயும் விழலையாம், இழுக்கவும் இல்லையாம். சம்பத் சந்தோஷத்துல அவளுக்கு மெசேஜ் போட்டிருக்கான். லினக்ஸ் பேச்சே இனி இல்லையாம், அரணையே எடுத்துக்கறாங்களாம், இப்ப ஒப்பந்தம் பேசிட்டிருக்காங்களாம். "சார் அங்க இல்லியா?"ன்னு கேக்கறா. நெசமாவே தெரியாமத்தான் கேக்கறா. "நான் நீங்க அங்கதான் இருப்பீங்கன்னுல்லா நினைச்சேன்"ங்கறா.

அரண் பொழைச்சிருச்சுங்க. நான் ஜெயிச்சுட்டேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் எழுதின கர்னல், நான் கட்டின வாசல். எவளோ நடுவுல நாலு வரி சேத்தா அது அவளுதாயிருமா? சந்தோஷமாத்தான் இருக்கேன்.

சம்பத்தைக் கேட்டுப்போடறேன். நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். பாருங்க, அடிக்குது. அடிச்சுட்டே இருக்குது. எடுக்கலை. சரி, டெஸ்டிங் பாக்கற பையனைக் கூப்பிடறேன், அவன் எனக்குப் பயப்படுவான். அவனும் எடுக்கலை. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு? அதுவும் எடுக்கலை. அதையும் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பாங்க போலிருக்குது, ஸ்வீட் குடுக்கறதுக்கு.

டெமோ ரூமுக்குள்ள இருக்கறப்ப யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக்கூடாது. அது நான் போட்ட சட்டமுங்க. போட்ட நாள்ல இருந்து ஒருத்தனும் மதிச்சதில்லை. இன்னைக்கு அத்தனை பேரும் மதிக்கறானுங்க.